சேர்வராயன் மலைக்காட்டில் மின்பாதையும் சோலாரும்: கேள்வி பதில்

ஏற்காடு: ஐயா, ஊருக்கு மேலே காப்புக்காட்டுக்குள் பெயிண்ட் அடித்த சர்வே கல் நட்டிருக்கிறார்கள். மின்கோபுரம் வரப்போகிறதாம். எங்கே விசாரிப்பது?

கல் நட்டிருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பாதை முடிவான பிறகு ஒரு கோபுரத்தை நகர்த்துவதே பெரும்பாடு. காப்புக்காட்டை வேறு வேலைக்குக் கொடுக்க, 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அதிலுள்ள கேஎம்எல் என்னும் வரைபடக் கோப்பை கூகுள் எர்த்தில் திறந்தால் எந்த ஓடை, எந்தச் சரிவு வழியாகக் கம்பி போகிறது என்று தெரியும்.

இணையத்தில் இல்லையென்றால் மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். "முழு விவரம் தரவும்" என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். விண்ணப்பப் பிரதி, தள ஆய்வு அறிக்கை, மரக் கணக்கு, பரிசீலித்த மாற்றுப் பாதைகள் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

வாழப்பாடி: கோபுரம் நிற்பது சில சென்ட் இடத்தில்தானே? அதற்கு இவ்வளவு எதிர்ப்பு எதற்கு?

கோபுரத்தின் காலடியை மட்டும் பார்க்காதீர்கள், பாதையின் அகலத்தைப் பாருங்கள். 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர் என்பது வழக்கமான அளவு. 46 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் போனால் 4.6 ஹெக்டேர், அதாவது பதினோரு ஏக்கருக்கு மேல்.

காட்டெருமை அந்த வெட்டவெளியைக் கடந்துவிடும். மரத்துக்கு மரம் தாவிப் போகும் அணில், குரங்கு, தேவாங்கு போன்றவற்றுக்குத்தான் சிக்கல். கிளைகளின் தொடர்பு அறுந்தால் அவை தரையில் இறங்கியாக வேண்டும், அங்கே நாய் காத்திருக்கும். வெயில் விழும் இடத்தில் உண்ணிச்செடி மண்டும், கோடையில் காய்ந்து தீயை இழுத்துச் செல்லும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தளவாடம் ஏற்ற வெட்டும் மண்சாலை. வேலை முடிந்த பிறகும் அது அப்படியே கிடக்கும், வேட்டைக்காரருக்கும் விறகு லாரிக்கும் வழியாகும்.

அதனால் "வேண்டவே வேண்டாம்" என்பதோடு மனுவை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் மின்பாதை அல்லது மலைச்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கோபுரங்களை முகடுகளில் நிறுத்தினால் பள்ளத்து மரங்களுக்கு வெகு உயரத்தில் கம்பி போகும். மரத்துக்கும் கம்பிக்கும் 400 கிலோவோல்ட்டில் 5.5 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும், அங்கே வெட்ட வேண்டிய தேவையே இல்லை. கம்பி இழுக்க ட்ரோன், தளவாடத்துக்குத் தலைச்சுமை, புதுச் சாலை கூடாது என்பதையும் நிபந்தனையாகக் கேளுங்கள்.

ஓமலூர்: கரட்டில் சோலார் போடப் போகிறார்கள். "இது காடு இல்லை, புறம்போக்கு" என்கிறார்கள், சரியா?

பதிவேட்டில் எழுதியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளைக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 12.12.1996 அன்று உத்தரவிட்டது. வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023இல் திருத்திய பின்னும் அதையே பின்பற்றுமாறு 19.2.2024 அன்று இடைக்கால உத்தரவு வந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். சர்வே எண் வாரியாக மரம், புதர், ஓடையைக் குறித்து, தேதியும் இடக்குறியீடும் பதிந்த படத்தோடு மனுவில் வையுங்கள்.

சோலார் ஒளிமின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்பதால் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்காது. ஆகவே கிராம சபைத் தீர்மானத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள். திட்டம் வந்தே தீரும் என்றால் ஓடைகளை வேலிக்கு வெளியே விடவும், வேலிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி வைக்கவும் வலியுறுத்துங்கள். முயல், கௌதாரி, உடும்பு போக அது போதும்.

ஏற்காடு மலைக் கிராமம்: நாங்கள் மலையாளி பழங்குடியினர். எங்கள் சம்மதம் இல்லாமல் முடியுமா?

மின்பாதை, சாலை போன்ற நீளவாட்டுத் திட்டங்களுக்கு கிராம சபைச் சம்மதத்திலிருந்து 2013 பிப்ரவரியில் பொதுவாக விலக்கு தந்துவிட்டார்கள். ஆனால் 2006 வன உரிமைச் சட்டப்படி உங்கள் உரிமையைத் தீர்த்துத்தர வேண்டிய கடமை போய்விடவில்லை. சமூக உரிமைக் கோரிக்கையை இப்போதே கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

ஏற்காடு எஸ்டேட்: காட்டோரம் 11 கிலோவோல்ட் கம்பி தொய்ந்து கிடக்கிறது. காட்டெருமை நடக்கும் வழி.

சாலையில்லாத இடத்தில் அந்தக் கம்பிக்கு 4.6 மீட்டர் உயரம் வேண்டும். அளக்கிறேன் என்று கழியை நீட்டாதீர்கள். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். மழைக்காலத்தில் கிளை விழுந்து கம்பி அறுந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பாறைத் தரையில் மின்னோட்டம் போதிய அளவு பாயாது, அதனால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் விழாமல் கம்பி உயிரோடு கிடக்கலாம். அந்தப் பகுதிக்கு மட்டுமாவது உறை போட்ட கம்பியும் நடுவில் ஒரு கம்பமும் கேளுங்கள்.

ஏற்காடு: மரம் வெட்டத் தொடங்கிவிட்டால்?

ஒன்றிய அரசின் முதல் கட்ட ஒப்புதலுக்குப் பிறகு வேலை அனுமதி தர வழி உண்டு. எனவே முதலில் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். எண் போட்ட மரம்தான் விழுகிறதா என்று பாதையிலிருந்தே படம் எடுங்கள். அனுமதியின்றி காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். காட்டைக் கொடுக்கும் உத்தரவை எதிர்த்து, சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். உத்தரவு உங்கள் கைக்கு வந்த தேதிக்கு ஆதாரமாக, அது வந்த உறையைப் பத்திரப்படுத்துங்கள்.