மூணு கொடையாளர், மூணு மென்பொருள்: நிலப் பதிவேட்டை எப்படி ஒன்றாக்குவது?

நிலத்துறையில் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் நாட்டில் மூன்று வெளிநாட்டு நிதி அமைப்புகள் ஆளுக்கொரு மாவட்டத்தில் நில அளவை நடத்துகின்றன, ஆளுக்கொரு மென்பொருள் வேறு. இதை எப்படி ஒருங்கிணைப்பது?"

மென்பொருள் சண்டையை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் பட்டா கொடுக்கும் நிலம் நாளைக்கு விற்கப்படும், பிள்ளைகளுக்குப் பாகம் பிரியும். அந்தப் பெயர் மாற்றத்தை எந்த அலுவலகம், என்ன கட்டணத்தில் பதியும், திட்டம் முடிந்தபின் அங்கே இருப்பவருக்குச் சம்பளம் யார் தருவார்? மூவரிடமும் முதலில் இதைக் கேளுங்கள்.

ருவாண்டாவைப் பாருங்கள். பிரிட்டன் உள்ளிட்ட கொடையாளர்களின் உதவியோடு, 2009 முதல் 2013 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட மனைகளை அளந்தார்கள். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் முன்னிலையில், அச்சடித்த வான்படத்தின் மேலேயே எல்லைக் கோட்டைப் போட வைத்தார்கள். துல்லியம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் மனைக்குச் சில டாலரிலேயே வேலை முடிந்தது. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அதன்பின் பெயர் மாற்றத்துக்கு நிலம் சிறிதோ பெரிதோ ஒரே கட்டணம், 30,000 பிராங்க் என்று வைத்ததால், துண்டு நிலம் வாங்கியவர்கள் பலர் பதியாமல் வெறும் கைச்சீட்டோடு நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் பழைய பெயரே கிடந்தது. அளவைக்கு ஓடிவரும் பணம் இந்தப் பராமரிப்புக்கு ஓடிவருவதில்லை, அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மென்பொருளா? யார் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும், தரவு மட்டும் ஐ.எஸ்.ஓ. 19152 என்ற, நிலப் பதிவுத் தரவை எப்படி அமைப்பது என்று சொல்லும் சர்வதேசத் தரத்துக்குப் பொருந்தி, உங்கள் துறையின் சர்வரில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மூவரையும் உட்காரவைத்துக் கூட்டத்தைக் கூட்டுவதும் உங்கள் அமைச்சகம்தான், கொடையாளர்கள் அல்ல.

இன்னொன்று, தகராறு நிலத்தை ஒதுக்கிவிட்டுச் சுலபமான ஊர்களை மட்டும் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கம்போடியாவில் உலக வங்கி ஆதரவுடன் 2002-இல் தொடங்கிய திட்டத்தில், புனோம் பென்னின் போங்காக் ஏரிக்கரைக் குடும்பங்களுக்குப் பட்டா மறுக்கப்பட்டது, பிறகு வெளியேற்றமும் நடந்தது. மக்கள் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள், 2009-இல் அரசே திட்டத்தை முடித்துக்கொண்டது. பட்டா யாருக்கு மிக அவசரமோ அவர்களே விடுபட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய அநியாயம். அதனால் எந்தப் பகுதி ஏன் விடப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள், அந்தப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டிவிட்டு அளவையைத் தொடங்குங்கள்.