கால்பந்தில் கென்னி டல்க்ளீஷ் ஆட்டக்காரராகப் பெரியவரா, மேலாளராகப் பெரியவரா?

என் பதில்: ஆட்டக்காரராக. ஆனால் அவரைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

கிளாஸ்கோவில் பிறந்தவர். அந்த ஊரின் செல்டிக் கிளப்பிலிருந்து 1977-ல் 4,40,000 பவுண்டுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு வந்தார். கெவின் கீகன் விட்டுப்போன 7-ம் எண் சட்டை அவருக்கு. மறு ஆண்டே ஐரோப்பியக் கோப்பை இறுதியில், கோல்கீப்பர் கீழே விழும்வரை ஒரு கணம் காத்திருந்து, பந்தை அவருக்கு மேலாக மெல்லத் தூக்கிவிட்டார். அந்த நிதானம்தான் டல்க்ளீஷ்! ஸ்காட்லாந்துக்கு 102 ஆட்டம், 30 கோல்.

1985-ல், ஆடிக்கொண்டே லிவர்பூலின் மேலாளர் ஆனார். முதல் சீசனிலேயே இங்கிலாந்தின் லீக் பட்டம், எஃப்.ஏ. கோப்பை இரண்டும். லீக்கை உறுதிசெய்த செல்சி ஆட்டத்தில், பந்தை நெஞ்சில் வாங்கி வெற்றி கோலை அடித்தது மேலாளரேதான்.

1989-ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் இறந்தார்கள். அவர் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போனார். என் பார்வையில் கோப்பைகளைவிடப் பெரிய காரியம் இது. அந்தப் பாரம் உள்ளே தங்கிவிட்டது. 1991-ல் பதவி விலகினார்.

பிறகு 1995-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸைச் சாம்பியனாக்கினார். கடைசி நாளில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்திலேயே 2-1 எனத் தோற்றும் பட்டம் கிடைத்தது. பட்டத்துக்குப் போட்டியிட்ட மான்செஸ்டர் யுனைடெட் அன்று டிரா.