டெக்சாஸில் வசிக்காமலே டெக்சாஸ்வாசி ஆகலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருச்சி. கணவர் மதுரைக்காரர். டாலஸில் எம்.எஸ். படிக்கும்போது மாவ்னி என்ற, தேவையான திறமையுள்ள வெளிநாட்டினரைச் சேர்க்கும் திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, குடியுரிமையும் வாங்கிவிட்டார். அவருடைய சம்பளச் சீட்டில் இன்றும் டெக்சாஸ் என்றுதான் இருக்கிறது. நான் திருமணத்துக்குப் பிறகு க்ரீன் கார்டில் நேராக வர்ஜீனியா வந்தேன்; அவருக்கு இங்கே ஃபோர்ட் பெல்வார் ராணுவத் தளத்தில் பணி. ஃபேர்ஃபாக்ஸில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 78,000 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு சம்பளத்திலும் வர்ஜீனியா வரி பிடிக்கிறார்கள். "ஒரு தடவை டெக்சாஸ் போய் லைசென்ஸ் எடுத்துவிட்டு வா, இந்த வரியே கிடையாது" என்கிறார்கள் தெரிந்த ராணுவக் குடும்பத்தினர். நான் அந்த மாநிலத்தில் கால் வைத்ததுகூட இல்லை. இது சரியா? ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்கவும், இங்கே ஒரு டவுன்ஹவுஸ் வாங்கவும் எண்ணம் உண்டு. – வாசகி, வர்ஜீனியா

பதில்: வரி கட்ட வேண்டியதில்லை என்று அவர்கள் சொன்னது உங்கள் விஷயத்தில் சரி. அதற்கு டெக்சாஸ் போக வேண்டும் என்றது பழைய கதை. டிக்கெட் போடாதீர்கள்.

அந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ராணுவத்தில் இருப்பவர் ஆணையின் பேரில் எந்த மாநிலத்துக்குப் போனாலும் தன் சொந்த மாநில வசிப்பிடத்தை இழப்பதில்லை. இது வெகுகாலமாக உள்ள பாதுகாப்பு. மனைவிக்கோ கணவனுக்கோ அது இல்லாமலிருந்தது. 2009 நவம்பரில் வந்த சட்டம்தான் முதன்முதலில் அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: இருவருக்கும் ஒரே மாநிலம் வசிப்பிடமாக இருக்க வேண்டும். அதை நிரூபிக்கத்தான் லைசென்ஸ், கார் பதிவு, வாக்காளர் அட்டை என்று எல்லோரும் அலைந்தார்கள். 2018 கடைசியில் கையெழுத்தான சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. எப்போது திருமணம் நடந்திருந்தாலும், வரி விஷயத்தில் மட்டும், ராணுவத்தில் இருக்கும் தன் கணவர் அல்லது மனைவியின் வசிப்பிடத்தையே தனக்கும் தேர்ந்துகொள்ளலாம். 2023 ஜனவரியில் இது இன்னும் விரிந்தது. இப்போது தம்பதியர் ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ராணுவத்தில் இருப்பவரின் மாநிலம், துணைவரின் மாநிலம், அல்லது ராணுவத்தில் இருப்பவரின் நிரந்தரப் பணியிடம் உள்ள மாநிலம். மூன்றைத் தவிர வேறு கிடையாது. ஃப்ளோரிடாவில் வரி இல்லையாமே, அதை எடுத்துக்கொள்ளலாமா என்றால் முடியாது.

இந்தியாவிலிருந்து நேராக வர்ஜீனியா வந்தவர் என்பதால் உங்களுக்கென்று வேறொரு மாநிலம் இல்லை. கணவரின் டெக்சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது, அங்கே ரிட்டர்னும் போட வேண்டாம்.

கணவர் பக்கம் ஒன்றைச் சரிபாருங்கள். ராணுவத்தில் சேர்ந்தபோது எழுதிக்கொண்ட ஊர் வேறு, சட்டப்படியான வசிப்பிட மாநிலம் வேறு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வரிக்கு இரண்டாவதுதான் கணக்கு. மாதச் சம்பளச் சீட்டில் மாநில வரிப் பகுதியில் டி.எக்ஸ். என்று இருக்க வேண்டும். அவர் உண்மையிலேயே டாலஸில் வசித்து, அங்கிருந்தே சேர்ந்தவர், அதனால் கவலையில்லை. வாழாத மாநிலத்தைப் படிவத்தில் எழுதி மாற்றிக்கொண்டவர்களின் நிலைமை வேறு.

பணம் எவ்வளவு என்று பார்ப்போம். வர்ஜீனியாவில் 17,000 டாலருக்கு மேற்பட்ட வரிக்குரிய வருமானத்துக்கு 5.75 சதவீதம். உங்கள் சம்பளத்தில் கழிவுகள் போக ஆண்டுக்குச் சுமார் 3,500 டாலருக்கு மேல் வரும். அலுவலகத்தில் வர்ஜீனியா வரிப் பிடித்தத்துக்கான வி.ஏ-4 படிவத்தைப் புதிதாகக் கொடுங்கள். அதில் ராணுவத் துணைவர்களுக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. கூடவே உங்கள் ராணுவத் துணைவர் அடையாள அட்டையின் நகலையும் கொடுத்துவிடுங்கள். எச்.ஆரில் இருப்பவருக்கு இந்தச் சட்டமே புதிதாக இருக்கலாம். சண்டை போடாமல் வர்ஜீனியா வரித்துறையின் விளக்கப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுங்கள், வேலை முடிந்துவிடும். ஆண்டு பிறந்ததும் மறுபடி கொடுப்பது நல்லது. இதுவரை பிடித்ததைத் திரும்பப் பெற 763-எஸ் என்ற படிவம் உண்டு. டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பள–வரிச் சான்று, கணவரின் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல் இவற்றோடு அனுப்புங்கள். முந்தைய ஆண்டுகளில் பிடித்திருந்தாலும் மூன்று ஆண்டுக் கெடுவுக்குள் கேட்கலாம்.

ஃபெடரல் வரியில் ஒரு காசுகூடக் குறையாது, சேர்ந்தே ரிட்டர்ன் போடுங்கள். திருச்சி வங்கியில் என்.ஆர்.இ. டெபாசிட் வைத்திருந்தால் அதன் வட்டியும் அதில் வந்தாக வேண்டும். இந்தியாவில் வரியில்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் தனியே தர வேண்டும்.

சரி, லைசென்ஸ். வர்ஜீனியா லைசென்ஸே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் இருப்பது இங்கேதான். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்தப் பதிலில் நான் மிக முக்கியம் என்று நினைப்பது இதைத்தான். டி.எம்.வி. என்ற வாகனத் துறை அலுவலகத்தில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்பார்கள். டெக்சாஸிலும் கேட்பார்கள். க்ரீன் கார்டு உள்ளவர் குடிமகள் அல்ல. தெரியாமல் ஆம் என்று தட்டிவிட்டால், குடியுரிமை பற்றிப் பொய் சொன்னதாகக் கொள்ளப்படலாம். பிற்பாடு குடியுரிமை விண்ணப்பத்தில் அது பூதமாகக் கிளம்பும், நாடுகடத்தல் வரைக்கும் போகலாம். "வாக்காளர் அட்டை எடுத்தால் டெக்சாஸ்வாசி என்பதற்குச் சான்று" என்று யாராவது சொன்னால், அது குடிமக்களுக்குச் சொல்லும் அறிவுரை, உங்களுக்கில்லை. கணவர் தாராளமாக டெக்சாஸில் தபால் வாக்குப் போடலாம்.

குடியுரிமை விண்ணப்பத்துக்கும் இதே எச்சரிக்கைதான். குடிமகனை மணந்தவர் என்ற முறையில் மூன்று ஆண்டுகளில் விண்ணப்பிப்பீர்கள். அங்கே வசிப்பிடம் என்று கேட்பது நீங்கள் உண்மையில் குடியிருக்கும் வீட்டை. வர்ஜீனியா முகவரியை எழுதுங்கள். வரிக்கு டெக்சாஸ், குடியுரிமைக்கு வர்ஜீனியா என்று இரண்டு இடத்தில் இரண்டு சொல்கிறோமே என்று பயப்பட வேண்டாம். வரியில் சட்டம் உங்களுக்கு ஒரு தேர்வைக் கொடுத்திருக்கிறது, குடிவரவுத் துறையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜார்ஜ் மேசன் கட்டணத்துக்காக வர்ஜீனியாவாசியாக இருந்தாக வேண்டுமோ என்ற யோசனையும் வேண்டாம். 2008இல் வந்த ஃபெடரல் உயர்கல்விச் சட்டப்படி, பணியில் உள்ள ராணுவத்தினரின் துணைவருக்கு, அந்த ராணுவத்தினரின் பணியிடம் உள்ள மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ளூர்க் கட்டணத்தைத்தான் வாங்க வேண்டும். நீங்கள் சேர்ந்தபின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலும், இடைவெளியின்றிப் படித்தால் அதே கட்டணம் தொடரும்.

கார் வரிக்கு விலக்குண்டு, ஆனால் தானாக வராது. கவுன்ட்டி அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேட்டு வாங்க வேண்டும்.

டவுன்ஹவுஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டெக்சாஸ்வாசி என்று சொல்லி வீட்டுவரியிலிருந்து தப்ப முடியாது. மண் எங்கேயோ வரி அங்கே. நாளைக்கு மாற்றலாகிப் போய் அந்த வீட்டை வாடகைக்கு விட்டால், வாடகை வருமானத்துக்கு வர்ஜீனியாவில் வெளிமாநிலத்தவர் ரிட்டர்ன், அதாவது 763 படிவம், போட வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு இருக்கும் கவசம் வாடகைக்குக் கிடையாது. அதேபோல கணவர் ராணுவத்தை விட்டு வெளியே வந்தபின் நீங்கள் இருவரும் வர்ஜீனியாவிலேயே தங்கினால், அன்றிலிருந்து உங்கள் சம்பளத்துக்கும் வர்ஜீனியா வரி. மணமுறிவு ஏற்பட்டாலும் அப்படியே. அதனால் வீட்டுக்கடனுக்கு மாதத் தவணை கணக்கிடும்போது இந்த 3,500 டாலரை நிரந்தர வருமானமாக நினைத்து இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள். நானாக இருந்தால் அதைத் தனியே ரோத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் போடுவேன்.

வீட்டை விற்கும்போது ஒரு சலுகை உண்டு. விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு குடியிருந்தால் தம்பதியருக்கு 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு ஃபெடரல் வரியில்லை என்பது பொது விதி. ராணுவத்தினர் பணி காரணமாக வெகுதூரம் போயிருந்தால் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கைப் பத்து ஆண்டு வரை நிறுத்திவைக்கலாம். வாடகைக்கு விட்ட காலத்துக்குக் கழித்த தேய்மானத்துக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. எனவே வாங்கியதும் இரண்டு ஆண்டாவது அதில் குடியிருங்கள்.

ரிட்டர்ன் போட யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். மில்டாக்ஸ் சேவை ராணுவக் குடும்பங்களுக்கு இலவசம். ஏதாவது கடிதம் வந்து சிக்கலானால் ராணுவத் தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் நேரம் கேளுங்கள், அங்கேயும் கட்டணம் கிடையாது.