குழந்தைகளுக்குக் கதை சொல்லி ஸ்பானிஷ் கற்பிக்க முதலில் எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர் ஹூஸ்டனில் இருக்கிறார். ஓரளவு ஸ்பானிஷ் தெரியும். ஆறு வயதிலும் எட்டு வயதிலும் உள்ள தன் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கதை வழியாகச் சொல்லித்தர ஆசைப்படுகிறார். நிறம், எண், விலங்கு, பழம், உடல் உறுப்பு என்று 200 சொற்களுக்குப் பட்டியலும் போட்டிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

அந்தப் பட்டியலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். ஏழே ஏழு வினைச்சொற்களோடு தொடங்குங்கள். டெக்சாஸில் பள்ளி முடிந்தபின் நடக்கும் ஒரு வகுப்பில் ஆறிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது ஆண்டுகளாக ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். முதல் ஆண்டு நானும் உங்களைப் போலத்தான் பட்டியல் வைத்திருந்தேன். படஅட்டைகள், பாட்டு, விளையாட்டு எல்லாம் உண்டு. பிள்ளைகள் மளமளவென்று சொன்னார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆண்டு முடியும் சமயம் ஒரு சிறுமியை அவள் அம்மா டாக்கோ கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். கடைக்காரப் பெண்மணி அவளைப் பார்த்து ‘கே கியெரேஸ், மிஹா?’ என்று கேட்டிருக்கிறார். என்னடா கண்ணு வேணும் என்று அர்த்தம். குழந்தைக்கு அது புரியவில்லை. ஸ்பானிஷ் என்று தெரிந்ததும் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிக் காட்டியிருக்கிறாள். அம்மா பெருமையாகத்தான் என்னிடம் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு வருடம் முழுக்க என்னிடம் படித்த குழந்தைக்கு ‘உனக்கு என்ன வேண்டும்’ என்பது தெரியவில்லை. அவளிடம் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் கதை வழிக் கற்பித்தலைத் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர், ‘எழுந்திரு, நட, கதவைத் தொடு’ என்று கட்டளை சொல்லி உடம்பால் செய்ய வைத்து மொழி கற்பிக்கும் முறையை உருவாக்கினார். அதே மாநிலத்தின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெய்ன் ரே அந்த முறையில்தான் தொடங்கினார். கட்டளைகளை மட்டும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது என்று கண்டு, 1990 வாக்கில் அதைக் கதைக்கு மாற்றினார். நான் சொல்லும் ஏழு வினைச்சொற்களைச் ‘சூப்பர் செவன்’ என்று பெயரிட்டுப் பரப்பியவர் டெர்ரி வால்ட்ஸ். அவர் கற்பித்தது சீன மொழி என்றாலும், அந்த ஏழும் எந்த மொழிக்கும் பொருந்துகின்றன.

அய் (ஒன்று இருக்கிறது), எஸ் (இன்னது, இன்னார்), எஸ்தா (ஓரிடத்தில் இருக்கிறது), தியெனே (அதனிடம் இருக்கிறது), கியெரே (அதற்கு வேண்டும்), பா (போகிறது), லே குஸ்தா (அதற்குப் பிடிக்கும்). ‘பா’ என்பதை எழுதும்போது வி எழுத்து வரும், ஒலிப்பது பகரம்தான்.

இவற்றை வைத்துக் கதை சொல்ல முடியுமா என்று சந்தேகம் வரும். நம் காக்கா வடைக் கதையை எடுத்துப் பாருங்கள். ஒரு காகம் இருக்கிறது. அதனிடம் வடை இருக்கிறது. ஒரு நரி அங்கே போகிறது. அதற்கு வடை வேண்டும். இதில் ‘இருக்கிறது, வேண்டும், போகிறது’ ஆகியவைதான் கதையை ஓட்டுகின்றன. வடையும் காகமும் மாற்றக்கூடியவை. ஐரோப்பாவில் அதே காகம் வடைக்குப் பதில் பாலாடைக்கட்டி வைத்திருக்கிறது: ‘எல் குவேர்போ தியெனே கேசோ. எல் சோறோ கியெரே எல் கேசோ.’ காகத்திடம் பாலாடைக்கட்டி இருக்கிறது, நரிக்கு அந்தப் பாலாடைக்கட்டி வேண்டும். ஒருவருக்கு ஒன்று வேண்டும், அது அவரிடம் இல்லை, தேடிப் போகிறார் என்பதுதான் பாதிக் குழந்தைக் கதைகளின் எலும்புக்கூடு. ஆகவே முதல் நாளிலேயே ‘கியெரே’ தேவைப்படுகிறது. ‘நீல நிறம்’ எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அதிகம் புழங்கும் சொற்களின் பட்டியலைப் பார்த்து எடுத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். மார்க் டேவிஸ் 2006-இல் வெளியிட்ட ஸ்பானிஷ் அகராதி, 2 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பிலிருந்து அதிகம் புழங்கும் 5000 சொற்களை வரிசைப்படுத்துகிறது. அதை நான் ஆசையோடு வாங்கினேன், இப்போதும் மேசையில் இருக்கிறது. முதல் 20 இடங்களில் ஒரு பெயர்ச்சொல்கூடக் கிடையாது. ஆனால் எஸ், அய், எஸ்தா, தியெனே ஆகியவற்றின் மூல வினைகள் நான்கும் அந்த இருபதுக்குள் வந்துவிடுகின்றன. வினைச்சொற்களுக்கு அந்தப் பட்டியலைத் தாராளமாக நம்பலாம். பெயர்ச்சொல்லுக்கு நம்ப வேண்டாம். பெரியவர்களின் பேச்சும் செய்தியும் நாவலும் கலந்த தொகுப்பு என்பதால் ‘அரசாங்கம்’ என்ற சொல் ‘பூனை’க்கு வெகு முன்னால் நிற்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பூனைதான் முதலில் வேண்டும்.

பெயர்ச்சொற்களை எப்படி எடுப்பது? பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எலெஃபாந்தே, தீக்ரே, சோகோலாத்தே, பீட்சா, ஓஸ்பித்தால், ஃபமீலியா, தினோசௌரியோ. ஆங்கிலம் தெரிந்த குழந்தைக்கு இவற்றை யாரும் விளக்க வேண்டாம். முதல் ஐந்தாறு கதைகளில் பெயர்ச்சொற்கள் எல்லாம் இப்படிப்பட்டவையாக இருந்தால், குழந்தையின் முழுக் கவனமும் வினைச்சொல்லுக்குப் போகும். என் வகுப்பின் முதல் கதை ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான் தொடங்கும்: ‘அய் உன் எலெஃபாந்தே. எல் எலெஃபாந்தே தியெனே உன் ப்ரோப்ளேமா. நோ தியெனே சபாத்தோஸ். கியெரே சபாத்தோஸ்.’ ஒரு யானை இருக்கிறது, அதற்கு ஒரு பிரச்சினை, செருப்பு இல்லை, அதற்குச் செருப்பு வேண்டும். இதில் புதிதாகக் கற்க வேண்டிய பெயர்ச்சொல் ‘சபாத்தோ’ ஒன்றுதான். அப்புறம் பிள்ளைகளிடமே கேட்பேன். எங்கே போகிறது? மெக்சிகோவுக்கா, வால்மார்ட்டுக்கா? போன ஆண்டு எல்லோரும் சேர்ந்து யானையை நிலாவுக்கு அனுப்பினார்கள். மூன்று இடத்துக்குப் போகும், இரண்டு இடத்தில் கிடைக்காது. அதற்குள் கியெரே என்ற சொல் நாற்பது ஐம்பது முறையாவது அவர்கள் காதில் விழுந்திருக்கும், ஒருவரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ‘மே குஸ்தா எல் சோகோலாத்தே’ என்பதை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் தலைகீழாகப் பிரித்து மாட்டிக்கொள்கிறார்கள். தமிழில் ‘எனக்குச் சாக்லேட் பிடிக்கும்’ என்று சொல்லுங்கள், ‘மே’ என்பது ‘எனக்கு’, வேலை முடிந்தது. ‘கியெரோ’ என்றாலே ‘எனக்கு வேண்டும்’. தனியாக ‘நான்’ சேர்க்க வேண்டியதில்லை, நாம் ‘போகிறேன்’ என்றால் போதும் என்பது போல. எஸ், எஸ்தா இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலக்காரர்களை வருடக்கணக்கில் படுத்தும். ‘அது யானை’ என்கிறோம், வினைச்சொல்லே இல்லை, அங்கே எஸ். ‘யானை வீட்டில் இருக்கிறது’ என்கிறோம், அங்கே எஸ்தா. எல்லா இடத்திலும் இது பொருந்தாது, ஆனால் முதல் ஆண்டுக் கதைகளுக்குப் போதும். பெரோ என்றால் ‘ஆனால்’, பெறோ என்றால் ‘நாய்’. இரண்டாவதை நாக்கு நன்றாக அதிர ஒலிக்க வேண்டும். ரகர றகர வேறுபாட்டை வாயில் வைத்திருக்கும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்களும் கைகொடுக்கும். போர்ச்சுகீசியமும் ஸ்பானிஷும் ஒரே குடும்பம் அல்லவா? மேசை ஸ்பானிஷில் மேசா, அலமாரி அர்மாரியோ. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது: சப்பாத்து (காலணி) சபாத்தோ, பாண் (ரொட்டி) பான். அப்புறம் ‘தா’. ஸ்பானிஷிலும் ‘தா’ என்றால் கொடு என்றுதான் அர்த்தம், தகரத்தைச் சற்று மென்மையாகச் சொல்ல வேண்டும். அது தற்செயலான ஒற்றுமைதான், இருந்தாலும் தமிழ் வீட்டுக் குழந்தைகள் அதைக் கேட்டதும் காட்டும் சந்தோஷத்துக்காகவே எட்டாவது சொல்லாக அதை வைத்திருக்கிறேன். கதைக்கும் உதவும், யாராவது யாருக்காவது எதையாவது கொடுத்துத்தானே கதை முடிகிறது.

ஒரு வாரத்துக்கு மூன்று புதிய சொல்லுக்கு மேல் வேண்டாம். புதுச் சொல் ஒன்றைச் சேர்க்கும் முன் எனக்கு நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கதைகளில் இது வருமா? ‘சொல்கிறது, பார்க்கிறது, சாப்பிடுகிறது, முடியும், தெரியும்’ எல்லாம் வரும். ‘முழங்கை’ வராது. இந்தச் சோதனையில் தேறாத சொல்லைக் குழந்தையே கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். போன மாதம் ஒரு பையன் தன் கதைக்குத் தீயணைப்பு வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். அந்த நீளமான பெயரை அன்று முதல் அவன் மறக்கவில்லை.

சொல்லைத்தான் குறைக்க வேண்டும், இலக்கணத்தைக் குறைக்கத் தேவையில்லை. கதையில் யானை பேசும்போது ‘கியெரோ’ என்றும், யானையிடம் கேட்கும்போது ‘கியெரேஸ்’ என்றும் இயல்பாகச் சொல்லுங்கள். விளக்க வேண்டாம். டாக்கோ கடையில் அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வடிவம்தான்.

ஒரு எச்சரிக்கை. பாடப்புத்தகம் ஸ்பெயினில் அச்சானதாக இருந்தால் ‘எடு, பிடி’ என்பதற்குக் ‘கொஹேர்’ என்று போட்டிருப்பார்கள். மெக்சிகோக்காரர்கள் முன்னால் அது கெட்ட வார்த்தை. உங்கள் பகுதியில் ‘அகாறார்’ அல்லது ‘தொமார்’ பயன்படுத்துங்கள்.

நிறங்களும் எண்களும் விட்டுப்போகுமே என்று பதற வேண்டாம். யானைக்கு எத்தனை செருப்பு வேண்டும், என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டால் நான்கும் நீலமும் தாமே வந்துவிடும். வீட்டுக் கதை என்பதால் இன்னொன்றும் செய்யுங்கள். பிள்ளைகள் சேர்ந்து உருவாக்கிய கதையை அன்று இரவே ஒரு பக்கத்தில் எழுதி, படம் போட இடம் விட்டு வையுங்கள். மறுநாள் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் அதே யானையை வைத்து ‘லே குஸ்தா’வைத் தொடங்குங்கள். செருப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குப் பிடிக்கவில்லை.