பிள்ளைகளின் கேம் பழக்கமும் மனநலமும்: பெற்றோர் கேள்விகளுக்குச் சிறார் மனநல ஆலோசகரின் பதில்கள்

கேள்வி (உட்லண்ட்ஸ், தந்தை): தொடக்கநிலை 5-இல் படிக்கும் என் மகன் சனி, ஞாயிறுகளில் நான்கு மணி நேரம் ரோப்லாக்ஸ் விளையாடுகிறான். இதை நோய் என்று கருதலாமா?

பதில்: நான்கு மணி நேரம் அதிகம்தான். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டி, 7 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் சாராத திரைநேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆயினும், நேரத்தை மட்டும் அளந்து நோய் என்று முடிவு செய்ய இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022-இல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாடு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருதல், பாதிப்பு கண்கூடாகத் தெரிந்த பின்னும் தொடர்தல். படிப்பையோ குடும்ப உறவையோ கடுமையாகக் குலைக்கும் அளவுக்கு இவை பொதுவாக 12 மாதங்கள் நீடிக்க வேண்டும். நிலைமை மிகக் கடுமையானால் முன்னதாகவும் கண்டறியலாம். உங்கள் மகன் நண்பர்கள் கூப்பிட்டால் கீழே பந்து விளையாடப் போகிறானா, இரவில் நன்றாக உறங்குகிறானா, சாப்பாட்டு மேசையில் உங்களோடு பேசுகிறானா என்று கவனியுங்கள். இவை குறையாதவரை, நேரத்தை ஒழுங்குபடுத்தினாலே போதும்.

கேள்வி (ஈசூன், தாய்): உயர்நிலை 2 மாணவனான என் மகன் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது வைஃபையை அணைத்துவிட்டேன். கதவை உதைத்து, கைப்பேசியைச் சுவரில் வீசினான். பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது, பொருள்களை உடைப்பதை ஏற்க முடியாது என்பதையும் அவனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஆனால் இருவரும் அமைதியான பிறகு. அந்த விளையாட்டில் ஐந்து பேர் ஓர் அணியாக ஆடுகிறார்கள். ஓர் ஆட்டம் ஏறத்தாழ பதினைந்து நிமிடங்கள் நீளும். நடுவில் விலகினால் மதிப்பெண் குறைவதோடு, அணியிலுள்ள மற்றவர்களின் ஏச்சையும் அவன் வாங்க நேரும். ஆகவே, “பத்து மணிக்கு நிறுத்து” என்பதைவிட, “ஒன்பதரைக்குப் பிறகு புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது” என்ற விதியே நடைமுறைக்கு ஒத்துவரும். விதியை அவனையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். இரவில் எல்லாருடைய கைப்பேசிகளும், உங்களுடையதும் அப்பாவுடையதும் உட்பட, வரவேற்பறையில் இருக்கட்டும். பெற்றோர் தங்கள் கைப்பேசியோடு படுக்கைக்குச் செல்லும் வீட்டில் இந்த விதி நிலைத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி (தெம்பனிஸ், தந்தை): கேம் விளையாடுவதால் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட குறைபாடு) வருமா?

பதில்: வரும் என்று சொல்வதற்கில்லை. அந்தக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு உடனுக்குடன் பரிசு தரும் விளையாட்டுகளில் ஈர்ப்பு அதிகம். அதனால் கூடுதல் கவனிப்பு தேவை.

கேள்வி (செங்காங், தாய்): 13 வயதான என் மகள் பின்னிரவு இரண்டு மணிவரை விளையாடுகிறாள். தோழிகளோடு பேசுவதில்லை, திங்கட்கிழமைகளில் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். கேம் அவளைக் கெடுத்ததா, அல்லது மனத்தில் ஏதேனும் இருந்து கேமிடம் போனாளா?

பதில்: இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும். சிங்கப்பூரில் மூவாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், பிறரோடு பழகுவதில் சிரமமும் அவசரப் புத்தியும் உள்ளவர்கள் சிக்கலான விளையாட்டுப் பழக்கத்துக்குள் விழும் வாய்ப்பு அதிகமாகக் காணப்பட்டது. விழுந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடின. அதிலிருந்து மீண்டவர்களிடம் இவை குறைந்தன. இந்தக் கடைசிச் செய்தியை நீங்கள் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் மகளிடம் முதலில் கேமைப் பற்றிக் கேட்காதீர்கள். பள்ளியில் யாரேனும் அவளை ஒதுக்குகிறார்களா, கேலி செய்கிறார்களா என்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். திங்கட்கிழமை மறுப்பு எனக்கு அந்தச் சந்தேகத்தையே தருகிறது. கைப்பேசியைப் பிடுங்கினால், அவளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே துணையும் போய்விட்டதாக அவள் உணரக்கூடும்.

கேள்வி (அதே தாய்): உதவிக்கு யாரிடம் செல்வது?

பதில்: பள்ளி ஆலோசகரிடம் தொடங்குங்கள், தேவைப்பட்டால் அவரே மனநல மருத்துவக் குழுவிடம் அனுப்ப ஏற்பாடு செய்வார். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு மனநலக் கழகத்தின் சிறார் பிரிவுக்குச் சென்றால் கட்டணச் சலுகை உண்டு. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவள் பேசினாலோ, கைகளில் கீறல்களைக் கண்டாலோ, முன்பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். அதன் 24 மணி நேரத் தொலைபேசி எண் 6389 2222.