அலாய் வீலில் வெள்ளைப் பூப்பு: ஆசிடும் வேண்டாம், புளியும் வேண்டாம்

கேள்வி: அப்பா ஓட்டிய 2007 மாடல் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. கம்பெனியிலேயே வந்த அலாய் வீல்கள். வீடு பெசன்ட் நகரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. வீல் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்து, புழு ஊர்ந்த தடம் போலக் கோடுகள் வந்திருக்கின்றன. ஆசிட் ஊற்றிக் கழுவினால் புதுசாகிவிடும் என்கிறார் வாட்டர் வாஷ் கடைக்காரர். அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். அம்மா சொல்வது பித்தளைக் குத்துவிளக்குக்குப் பொருந்தும். அங்கே கறுத்துப்போன மேல்படலம்தான் அழுக்கு. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும். அலாய் வீல் அலுமினியக் கலப்புலோகம். அலுமினியத்தில் கதை தலைகீழ். காற்றுப் பட்டதும் அதன்மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குக் கவசம். அமிலம் அந்தக் கவசத்தை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். காரமும் அப்படியே. சலவை சோடாவில் ஊறிய அலுமினியச் சட்டி கறுத்துப்போவதை அம்மாவே பார்த்திருப்பார்.

வாட்டர் வாஷ் கடைகளில் ஆசிட் என்றால் பெரும்பாலும் கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். பல வருடம் முன்பு நானும் அதற்கு மயங்கி ஒரு செட் வீலைப் பலி கொடுத்தவன். அன்று சாயங்காலம் வெள்ளித் தட்டு போல இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் அம்மைத் தழும்பு மாதிரி முழுக்கக் குழி. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கலந்த வீல் கிளீனர்களும் உண்டு. அது தோலில் பட்டால் உடனே எரியாமல்கூட உள்ளே இறங்கி எலும்புவரை பாதிக்கும். புட்டியில் அந்தப் பெயரோ பைஃப்ளூரைடு என்றோ இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

உங்கள் வீலில் நோய் உலோகத்தில் தொடங்கவில்லை, அதன் மேல்பூச்சில் தொடங்கியிருக்கிறது. கம்பெனி வீல்களின் மேல் லாக்கர் என்ற நிறமற்ற பூச்சு இருக்கும். கல் தெறித்தோ நடைபாதை விளிம்பில் உரசியோ அதில் ஓர் இடம் பெயர்ந்தால் போதும், உப்புக் காற்றின் ஈரம் உள்ளே நுழைந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே அரித்துக்கொண்டே நகரும். அதுதான் அந்தப் புழுத் தடம். லாக்கரின் மேல் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் கீழே இருப்பதை அது தொடாது.

அதனால் முதலில் ஒரு சோதனை. வெள்ளை பனியன் துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் எடுத்து, வெளியே தெரியாத மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் பூச்சு இருக்கிறது. துணியில் சில்வர் நிறம் ஒட்டினால் அது பெயிண்ட். முகப்பில் கிராமபோன் தட்டு போல நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிந்தால் லேத்தில் கடைந்த வீல். அந்தத் தோற்றத்தைக் கையால் தேய்த்துக் கொண்டுவர முடியாது.

வீல் சூடாக இருக்கும்போது கழுவாதீர்கள். நிழலில், தனி பக்கெட்டில், கார் ஷாம்பு போதும். செம்பழுப்பாக ஒட்டியிருப்பது பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள். அதற்கென்று தயோகிளைகோலேட் கலந்த கிளீனர் இருக்கிறது. தெளித்ததும் ஊதா நிறமாக வழியும், நாற்றம் குடலைப் பிடுங்கும், ஆனால் வேலை செய்யும். காய விடாமல் அலசிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் மட்டும் கூடாது. அதன் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே துருப்பிடிக்கும்.

சுத்தமானதும் வீலைக் கழற்றி, உள்பக்கமும் ஆரங்களின் அடியும் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த வீலுக்குப் பாலிஷும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம், காயலான் கடைதான்.

விரிசல் இல்லையா? டயரைப் பஞ்சர் கடையில் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு பெயிண்ட் ரிமூவர் தடவி லாக்கரை உரியுங்கள். காஸ்டிக் என்ற கடும் காரம் கலந்ததா என்று கேட்டு, இல்லாததாக வாங்குங்கள். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். உரசல் ஆழமாக இருக்கும் ஓரங்களில் 320, மற்ற இடங்களில் 400. அடுத்து 600, 800, 1000, 1500, 2000. சோப்புத் தண்ணீர் தொட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய கீறல் முழுக்க மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பொறுமையில்லாமல் 400-லிருந்து 1000-க்குத் தாவினால், பாலிஷ் போட்டபின் வெயிலில் பழைய கோடெல்லாம் பல்லிளிக்கும். ஒரு வீலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். ஸ்டெப்னியும் அலாயாக இருந்தால் கைப்பழக்கத்துக்கு அதில் தொடங்குங்கள்.

நட் உட்காரும் குழிவு, ஹப்பில் (காரில் வீலை மாட்டும் நடுப்பகுதி) பொருந்தும் பின்முகம், இந்த இரண்டு இடத்திலும் உப்புத்தாள் படக்கூடாது. அங்கே அளவு மாறினால் வீல் ஆடும். டயரின் விளிம்பு அமரும் இடத்தில் வெள்ளைப் பூப்பு இருந்தால் பச்சை நார்ப்பட்டையால் மெதுவாகத் தேய்த்தெடுங்கள். பழைய அலாயில் காற்று மெல்ல இறங்குவதற்குப் பல நேரம் காரணம் ஆணியல்ல, இந்தப் பூப்புதான்.

2000-க்குப் பிறகு மெட்டல் பாலிஷ். துணி கறுத்துக்கொண்டே வரும், பயப்பட வேண்டாம். துணியை மாற்றி மாற்றி, அது சுத்தமாக வரும்வரை தேய்த்தால் முகம் தெரியும்.

ஆனால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு பெசன்ட் நகரில் உங்களை வேலைக்காரனாக்கிவிடும். பூச்சில்லாத அலுமினியம் அந்தக் காற்றில் சில வாரங்களில் மங்கும். மாதாமாதம் கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு தடவ வேண்டும். ஸ்ப்ரே டப்பா லாக்கர் அடித்து இதிலிருந்து தப்பிக்கவும் முடியாது. வழவழப்பான உலோகத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஓரத்தில் உரியும், புழு திரும்ப வரும்.

நானாக இருந்தால் 400-லேயே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ப்ரைமரும் சில்வர் பெயிண்டும் கிளியர் கோட்டும் அடிக்கக் கொடுப்பேன். பெயிண்டைப் பொடியாகத் தூவி அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் இன்னும் உழைக்கும். அது பொதுவாக 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகும். ஒரு முறை சரி. இந்த வீல்கள் வெப்பப் பதம் கொடுத்து உறுதியாக்கப்பட்டவை என்பதால், அதற்கு மேல் சூட்டில் மறுபடி மறுபடி வேகவைத்தால் அந்த வலு போய்விடும். அடுப்புச் சூடு எவ்வளவு என்று பட்டறையில் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

மாட்டும்போது ஹப்பின் துருவைச் சுரண்டிவிட்டு, வீல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடு வளையத்தில் மட்டும் ஆன்டி சீஸ் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். நட்டிலோ, நட் ஏறும் மரை கொண்ட ஸ்டட்டிலோ வேண்டாம். பேலன்சிங் கடையில் ஓரத்தில் கொக்கியால் மாட்டும் ஈயக் கட்டிகளுக்குப் பதிலாக உள்பக்கம் ஒட்டும் கட்டிகளைக் கேளுங்கள். அந்தக் கொக்கி கீறிய இடத்தில்தான் பூச்சு முதலில் பெயரும். நட்டுகளைக் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டியபின் இன்னொரு முறை சரிபாருங்கள்.