சாராள் ஏன் பேசவில்லை?

கேள்வி: கடவுள் சொன்னபடி மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கிளம்பியபோது, பெற்றவள் சாராள் ஒரு வார்த்தைகூடவா கேட்கவில்லை?

பதில்: பைபிளின் ஆதியாகமம் 22-ல் அவள் பேச்சே இல்லை. கழுதைக்குச் சேணம் கட்டியது, விறகு பிளந்தது எல்லாம் உண்டு. தாய் மட்டும் இல்லை! அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், 127 வயதில் இறந்துபோகிறாள். யூத மத குருக்களான ரபிகள் சும்மா விடுவார்களா? சாத்தான் வந்து சேதி சொன்னானாம், அவள் அலறி உயிரை விட்டாளாம். யூதப் புத்தாண்டில் ஊதும் ஷோஃபார் கொம்பின் ஒலியே அந்த அலறல்தான் என்கிறது மித்ராஷ், அதாவது ரபிகளின் வேத விளக்கக் கதைகள். 90 வயதில் பெற்றவள், அந்தச் சேதி கேட்டு 127-ல் இறந்தாள் என்பதால், ஈசாக்குக்கு அப்போது 37 என்றும் கணக்குப் போட்டார்கள். 12-ம் நூற்றாண்டு உரையாசிரியர் இப்ன் எஸ்ரா மடக்கினார்: அந்த வயதில் ஈசாக்கு தானே இணங்கிப் பலிபீடத்தில் படுத்திருந்தால், வேதம் அவனைப் புகழ்ந்திருக்காதா? வயது விஷயத்தில் நான் அவர் கட்சி. அலறலை மட்டும் விட மனசு வரவில்லை.